பள்ளி பேண்டை ஏற்றால் ஆர்கெஸ்ட்ரா மேடை தூரமாகிவிடுமா?

கேள்வி: எனக்கு 25 வயது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். தொடக்கப்பள்ளியின் ஊதுகருவிக் குழுவான பேண்டில் கிளாரினெட் கற்றுக்கொண்டேன், இன்றுவரை விடவில்லை. இசையில் பட்டம் முடித்து, தனி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மேடையில் குழுவின் முன் நின்று கையசைத்து வழிநடத்தும் ஆர்கெஸ்ட்ரா நடத்துநராக வேண்டும் என்பது என் ஆசை. இப்போது இரண்டு உயர்நிலைப்பள்ளிகள் தங்கள் பேண்டை நடத்த வரும்படி கேட்கின்றன. நான் மதிக்கும் மூத்த கலைஞர் ஒருவர், "பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் கடைசிவரை உன்னை டீச்சர் என்றுதான் பார்ப்பார்கள். ஐரோப்பாவுக்குப் போ, போட்டிகளில் கலந்துகொள்" என்கிறார். அம்மாவோ, "நிலையான வருமானம் வருகிறதே, ஏன் விடுகிறாய்?" என்கிறார். பெரிய நடத்துநர்கள் பலரும் இசைக் கல்வியைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அதெல்லாம் பெயர் வந்த பிறகு செய்யும் தொண்டுதானா? நான் எந்தப் பக்கம் போவது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

ஒரு பள்ளியை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் வேண்டாம். ஐரோப்பாவையும் விட வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிவையுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் மூத்த கலைஞர் சொன்னதை நம் துறையில் பலர் நம்புகிறார்கள். அதனால் நல்ல நடத்துநர்களாகியிருக்க வேண்டிய சிலர் தங்கள் இருபதுகளை ஒரு குழுவின் முன்னாலும் நிற்காமலே கழித்துவிடுகிறார்கள்.

கிளாரினெட்டை நீங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுவதும் பயிற்சி செய்யலாம். நடத்துநருக்கு அந்த வழி இல்லை. கண்ணாடி முன் நின்று கையசைத்தால் கை அழகாகலாம். உங்கள் கை ஒன்று சொல்ல, எதிரே இருப்பவர் வேறொன்று வாசிக்கும்போது என்ன செய்வது என்பதைக் கண்ணாடி கற்றுத்தராது. அதைக் கற்க ஆட்கள் வேண்டும். மற்ற இசைக்கலைஞர்களுக்கு எளிதாகக் கிடைக்கும் பயிற்சி நேரம் நடத்துநருக்குத்தான் மிக அரிதாகக் கிடைக்கிறது. வாரம் இரண்டு நாள், ஐம்பது பிள்ளைகள், ஆண்டு முழுவதும்: இதை ஒரு பள்ளி உங்களுக்குத் தர முன்வருகிறது. ஐரோப்பாவின் சிறந்த இசைக் கல்லூரிகளில் நடத்துநர் படிப்பு படிப்பவர்களுக்குக்கூட ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா முன் நிற்கும் நேரம் அளந்துதான் கிடைக்கும். பெரும்பாலான வகுப்புகளில் இரண்டு பியானோ வாசிப்பவர்களைத்தான் நடத்துவார்கள்.

பெயர் வந்த பிறகு செய்யும் தொண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலருக்கு அப்படித்தான், அதில் குறையும் இல்லை. ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியவர்கள் வேறு.

அமெரிக்க நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைனை எடுத்துக்கொள்ளுங்கள். 1943 நவம்பரில், நடத்தவிருந்த புரூனோ வால்ட்டருக்கு உடல்நலமில்லாமல் போனதால் கடைசி நேரத்தில் நியூயார்க் பில்ஹார்மோனிக்கை நடத்தி ஒரே நாளில் புகழ்பெற்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். அதற்கும் அவர் அந்த ஆர்கெஸ்ட்ராவின் இசை இயக்குநரானதற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் டாங்கிள்வுட் கோடைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார், பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1954-ல் தொலைக்காட்சிக்கு வந்து, ஸ்டுடியோ தரையில் பெத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் முதல் பக்கத்தைப் பெரிதாக வரைந்து, அதன் வரிகளில் வாத்தியக்காரர்களை நிற்கவைத்து, பெத்தோவன் எதையெல்லாம் எழுதி அடித்துப்போட்டார் என்று மக்களுக்கு வாசித்துக் காட்டினார். இயக்குநர் பதவி வந்தது அதன் பிறகுதான். 1958 ஜனவரி 18 அன்று கார்னகி ஹாலில் சிறுவர்களுக்கான தன் முதல் நிகழ்ச்சியை நடத்தினார். 1972 வரை மொத்தம் 53 நிகழ்ச்சிகள். எழுத்தெல்லாம் அவருடையதே.

அந்த நிகழ்ச்சிகள் சிலவற்றை இணையத்தில் பாருங்கள். நடத்துநர் பயிற்சியாகவே பாருங்கள். முதல் நிகழ்ச்சியில் ரோசினியின் 'வில்லியம் டெல்' முன்னிசையை வாசிக்கவைத்துவிட்டு, இது எதைப் பற்றியது என்று பிள்ளைகளிடம் கேட்கிறார். அவர்கள் தொலைக்காட்சியில் பார்த்த குதிரைவீரன் பெயரைக் கத்துகிறார்கள். இது அவனைப் பற்றியதே இல்லை என்று சொல்லும்போதும் அவர் அவர்களை ஒதுக்கிவிடவில்லை. அந்தக் கூச்சலையே பிடித்துக்கொண்டு, இசைக்குக் கதை தேவையா என்ற கேள்விக்குக் கூட்டிப்போகிறார். ஒரு ஒத்திகையில் நீங்கள் செய்ய வேண்டியதும் இதேதான். குழு என்ன கொடுக்கிறதோ அதை எடுத்து, வேண்டிய இடத்துக்கு நகர்த்த வேண்டும். ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் ஃபியூகை எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல முடியாதவருக்கு அது தனக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை என்று நான் நினைக்கிறேன். 1990-ல், உடல் தளர்ந்த நிலையில், ஜப்பானின் சப்போரோவில் இளம் இசைக்கலைஞர்களுக்கான விழா ஒன்றைத் தொடங்கினார் பெர்ன்ஸ்டைன். மிச்சமிருக்கும் சக்தியில் பெரும்பகுதியைக் கல்விக்கே கொடுக்கப்போவதாக அங்கே சொன்னார். அந்த அக்டோபரில் இறந்துபோனார்.

அவருடைய நிகழ்ச்சி ஒன்றுக்குத் தன் ஒன்பது வயது மகளை அழைத்துப்போனார் நியூயார்க்கில் ஒரு வயலின் கலைஞர். நடத்துநராக வேண்டும் என்று அந்தப் பெண் அன்றே முடிவு செய்தாள். பெண்கள் அதைச் செய்ய முடியாது என்றார் அவளுடைய வயலின் ஆசிரியர். அப்பா ஒரு பெட்டி நிறைய பேட்டன்களை, அதாவது நடத்துநர் கையில் பிடிக்கும் குச்சிகளை, வாங்கிவந்து கொடுத்தார். அவர்தான் மரின் ஆல்சப். உங்கள் கடிதத்துக்கு மிகவும் பொருந்தும் வாழ்க்கை அவருடையது. நடத்த யாரும் ஆர்கெஸ்ட்ரா தராதபோது, 1984-ல் கன்கார்டியா என்ற பெயரில் தானே ஒன்றைத் தொடங்கிக்கொண்டார். 1980-களின் இறுதியில் டாங்கிள்வுட்டில் பெர்ன்ஸ்டைனிடமே மாணவியானார். 2005-ல் பால்டிமோர் சிம்பொனிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தபோது, வாத்தியக்காரர்களே வெளிப்படையாக எதிர்த்தார்கள். தேடலைத் தொடரச் சொன்னார்கள். அதே ஆண்டு, அமெரிக்க அறக்கட்டளை ஒன்று திறமையாளர்களுக்குத் தரும் மெக்கார்த்தர் நல்கை அவருக்குக் கிடைத்தது. 2007-ல் பொறுப்பேற்றார். அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்.

மறு ஆண்டே, நல்கைப் பணத்திலிருந்து ஒரு லட்சம் டாலரை எடுத்து 'ஆர்ச்கிட்ஸ்' திட்டத்தைத் தொடங்கினார். மேற்கு பால்டிமோரில், வறுமை மிகுந்த பகுதியின் ஒரு தொடக்கப்பள்ளியில், முப்பது பிள்ளைகளோடு. பள்ளி முடிந்ததும் இலவசமாக வாத்தியம், பாடம், சாப்பாடு. பிறகு பல பள்ளிகளுக்குப் பரவி, பிள்ளைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அந்த நகரத்து மக்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். ஆர்கெஸ்ட்ரா மேடையில் அப்படிப்பட்ட முகங்கள் அரிது. இதைத் தன் வேலையின் ஒரு பகுதியாக அவர் பார்த்தார். பதவிக்கு வந்த மறு ஆண்டே தொடங்கினார் என்பதைக் கவனியுங்கள். சந்தேகத்தோடு தன்னை ஏற்ற ஓர் ஊரில், சிம்பொனி ஹாலுக்கு வெளியே போய்த் தனக்கான இடத்தை உண்டாக்கிக்கொண்டார். 2021 வரை அங்கே இருந்தார்.

இன்னொரு பாடம் இத்தாலிய நடத்துநர் கிளாடியோ அப்பாடோவிடம் இருக்கிறது. இதை யாரும் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம். மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் உச்சத்தில் இருந்த காலத்திலேயே, 1978-ல், ஐரோப்பிய இளையர் ஆர்கெஸ்ட்ரா ஒன்றின் பொறுப்பை ஏற்றார். அதில் வளர்ந்தவர்கள் சேர்ந்து 1981-ல் சிறிய குழுவான ஐரோப்பிய சேம்பர் ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கினார்கள். 1986-ல், இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் பெயரில் ஓர் இளையர் ஆர்கெஸ்ட்ராவை அப்பாடோ தொடங்கினார். அதிலிருந்து வந்தவர்களால் 1997-ல் மாலர் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா பிறந்தது. 2003-ல் லூசெர்ன் விழா ஆர்கெஸ்ட்ராவை அவர் புதிதாக அமைத்தபோது அதன் நடுத்தூணாக நின்றது அந்த மாலர் சேம்பர் ஆர்கெஸ்ட்ராதான். கடைசி ஆண்டுகளில் லூசெர்னில் அவர் தந்த மாலர் சிம்பொனிகளை இன்றும் பேசுகிறார்கள். அதை வாசித்தவர்களில் பலர் இருபது வயதில் அவர் முன் உட்கார்ந்தவர்கள். உங்கள் பேண்டில் இன்று பதின்மூன்று வயதில் ஓபோ என்ற ஊதுகருவியைத் தப்பும் தவறுமாக ஊதும் பிள்ளை, பத்து ஆண்டு கழித்து உங்கள் குழுவின் முதல் ஓபோவாக வரலாம். சிங்கப்பூர் சிறிய ஊர். இது இங்கே நடக்கக்கூடியது.

நடத்துநர் குஸ்தாவோ டூடமெலின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெனிசுவேலாவில் பொருளியலாளரும் இசைக்கலைஞருமான ஹோசே அந்தோனியோ அப்ரேயூ, 1975-ல் ஒரு கார் நிறுத்துமிடத்தில் பதினொரு பிள்ளைகளோடு தொடங்கிய 'எல் சிஸ்தெமா' என்ற இசைக் கல்வித் திட்டத்தில் வளர்ந்தவர். பதினெட்டு வயதில் நாட்டின் இளையர் ஆர்கெஸ்ட்ராவை அவர் கையில் கொடுத்துவிட்டார் அப்ரேயூ. 2004-ல் ஜெர்மனியின் பாம்பெர்க்கில் மாலர் நடத்துநர் போட்டியில் வென்றபோது டூடமெலுக்கு வயது இருபத்து மூன்று. ஆனால் அதற்குள் அவர் இளையர்களோடு செய்திருந்த ஒத்திகைகள், ஐரோப்பியப் போட்டியாளர்களுக்குக் கனவிலும் கிடைக்காதவை. லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக் 2007-ல் இளையர் ஆர்கெஸ்ட்ராத் திட்டம் ஒன்றைத் தொடங்கியதும், அதற்கு 2021-ல் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்த தனிக் கட்டடம் எழுந்ததும் அவரை ஒட்டித்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல் சிஸ்தெமாவைப் பற்றி எழுதும் பலர் அதை அற்புதமாக மட்டுமே எழுதுவார்கள். அதன் கட்டளைமுறை மிகக் கடுமையானது, பிள்ளைகளின் குரலுக்கு இடம் குறைவு, அதிகார அத்துமீறல் நடந்தது என்ற குற்றச்சாட்டுகள் ஆய்வாளர்களிடமிருந்தும் முன்னாள் மாணவர்களிடமிருந்தும் வந்திருக்கின்றன. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கியின் ஆய்வு, பிள்ளைகளின் தன்னடக்கம் போன்றவற்றில் ஓரளவு நல்ல மாற்றத்தைக் கண்டது. ஆனால் சேர்ந்தவர்களில் மிக ஏழைப் பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றும் சொன்னது. நீங்கள் பள்ளிக்குள் போகும்போது இதை மனதில் வையுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை உங்கள் பயிற்சிக்கான கருவி ஆகிவிடக்கூடாது. உங்கள் முன்னேற்றத்துக்கு அவர்களுடைய மாலைப்பொழுது பயன்படுகிறது என்றால், அதே அளவு அவர்களுக்கும் திரும்பக் கிடைக்க வேண்டும். இதில் நான் எந்தச் சமரசத்தையும் ஏற்க மாட்டேன்.

பெர்லின் பில்ஹார்மோனிக்கில் 2002-ல் பொறுப்பேற்ற நடத்துநர் சைமன் ரேட்டல் வந்த கையோடு கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். மறு ஜனவரியில் பள்ளிப் பிள்ளைகள் 250 பேரை ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு'க்கு ஆடவைத்தார். அவர் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தவர் என்பதால் உங்களுக்கு முன்மாதிரி ஆகமாட்டார்.

உங்கள் ஊர்க்காரர் ஒருவர் முன்மாதிரி ஆவார். காசுன் வோங் தொடக்கப்பள்ளி பேண்டில், டிரம்பெட் போன்ற கார்னெட்டோடு தொடங்கியவர். நீங்கள் தொடங்கிய அதே இடம். தேசிய சேவையின்போது இராணுவ பேண்டில் வாசித்து உதட்டு நரம்பு பாதிக்கப்பட்டதால் வாத்தியத்தை விட்டு இசையமைப்புக்கும் பிறகு நடத்துவதற்கும் வந்தார். இங்கே யோங் சியூ தோ இசைக் கல்லூரி, பிறகு பெர்லின். டூடமெல் வென்ற அதே பாம்பெர்க் போட்டியை 2016-ல் வென்றார். இன்று இங்கிலாந்தின் ஹாலே ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறார். மாலரின் பேத்தி மரினா மாலரோடு சேர்ந்து, குழந்தைகளுக்கான இசைத் திட்டம் ஒன்றையும் அவர் தொடங்கினார். பேண்டிலிருந்து வந்தவர்களுக்கு ஆர்கெஸ்ட்ராவில் இடமில்லை என்று யாராவது சொன்னால் இனி நீங்கள் பதில் சொல்லலாம்.

ஆனால் பள்ளி வேலை மட்டுமே உங்களை அங்கே கொண்டுசேர்க்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் இளையர் விழாவில் உங்கள் பேண்டு மிக உயர்ந்த தேர்ச்சி பெற்றாலும் அதைப் பார்த்து எந்த ஆர்கெஸ்ட்ராவும் உங்களைக் கூப்பிடாது. விழா வரும் ஆண்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதற்கான படைப்புகளையே மாதக்கணக்கில் உருப்போட்டு, பிள்ளைகளும் நீங்களும் வேறெதையும் படிக்காமல் போய்விடலாம். இதில் உங்கள் மூத்த கலைஞர் சொல்வது சரி: பலர் அந்தச் சுழலில் தங்கிவிடுகிறார்கள். அதனால்தான் ஒரு பள்ளி போதும் என்கிறேன். இரண்டு பள்ளி என்றால் வாரத்தில் நான்கு மாலைகள் போய்விடும். அந்த நேரம் உங்களுக்கு வேறு இரண்டு விஷயங்களுக்கு வேண்டும்.

முதலாவது பியானோ. ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ நடத்துநர் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் ஒன்றாக உள்ள இசைத்தாளைப் பார்த்துப் பியானோவில் வாசிக்கச் சொல்வார்கள். ஆல்டோ, டெனர் என்ற அரிதான சுரக்குறிமுறைகளில் எழுதிய, இசையமைப்பாளர் பாஹின் தேவாலயப் பாடல்களைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டியிருக்கும். கிளாரினெட்காரருக்கு டிரான்ஸ்போஸ் செய்வது, அதாவது எழுதியதை வேறு சுருதிக்கு மாற்றி வாசிப்பது, பழகிய வேலை, அது உங்கள் பலம். பியானோதான் பலரைக் கவிழ்க்கும் இடம். இரண்டாவது, தந்தி வாத்தியம். ஆர்கெஸ்ட்ராவில் பாதிக்கு மேல் அவர்கள்தான். பேண்டில் அவர்கள் கிட்டத்தட்ட இல்லை. நல்ல வயலின் கலைஞராக வேண்டாம். வில்லை மேலே இழுப்பதற்கும் கீழே இழுப்பதற்கும் ஒலியில் என்ன வேறுபாடு என்பதை உங்கள் சொந்தக் கை உணரும் அளவுக்காவது படியுங்கள்.

கூடவே, நண்பர்களைத் திரட்டி ஆண்டுக்கு இரண்டு முறையாவது பெரியவர்களின் குழு ஒன்றை நடத்துங்கள். நீங்கள் ஊதுகருவிக்காரர் என்பதால் கையருகிலேயே பொக்கிஷம் இருக்கிறது: பதின்மூன்று வாத்தியங்களுக்கு மோட்சார்ட் எழுதிய செரினேடு என்ற இசைப்படைப்பு, டிவோர்ஷாக்கின் ஊதுகருவி செரினேடு, பதினேழு வயதில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் எழுதிய செரினேடு. எதற்கும் முழு ஆர்கெஸ்ட்ரா தேவையில்லை. சுபின் மேத்தாவும் அப்பாடோவும் வியன்னாவில் நடத்துநர் ஆசிரியர் ஸ்வரோவ்ஸ்கியிடம் படித்தபோது, பெரிய நடத்துநர்களின் ஒத்திகைகளுக்குள் மாணவர்களை விடமாட்டார்கள். இருவரும் பாடகர் குழுவில் பேஸ் என்ற தாழ்ந்த ஆண்குரலில் சேர்ந்து, உள்ளே நின்று பார்த்தார்கள். அதனால் இங்கே எந்தக் குழுவாவது கிளாரினெட்டுக்கு ஆள் தேடினால் சம்பளம் பார்க்காமல் போய் உட்காருங்கள். முன்னால் நிற்பவர் ஒத்திகையின் முதல் பத்து நிமிடத்தை எப்படிச் செலவிடுகிறார் என்று கவனியுங்கள்.

பள்ளியோடு ஒப்பந்தம் பேசும்போது ஊதியத்தை மட்டும் பேசாதீர்கள். படைப்புகளைத் தேர்ந்தெடுப்பது யார் என்று கேளுங்கள். அது உங்களிடம் இல்லாவிட்டால் அந்தப் பள்ளியை விட்டு மற்றதை எடுங்கள். ஒத்திகையை வீடியோ எடுக்க எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கல்லூரிகளும் போட்டிகளும் நடத்துநரை முன்பக்கத்திலிருந்து எடுத்த பதிவைத்தான் கேட்கின்றன. கேமராவைக் குழுவின் பின்னால் உங்களை நோக்கி வைத்தால் பிள்ளைகளின் முதுகு மட்டுமே தெரியும். பள்ளிக்கும் தயக்கம் இருக்காது.

வயதைப் பற்றிப் பதற வேண்டாம். பெரிய போட்டிகள் பலவற்றில் வரம்பு முப்பத்தைந்தை ஒட்டியே இருக்கிறது. இருபத்தேழு, இருபத்தெட்டில் விண்ணப்பிப்பது தாமதமே இல்லை. செலவு குறித்து: ஜெர்மனியின் அரசு இசைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. செலவெல்லாம் தங்கவும் சாப்பிடவும்தான். அம்மாவிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பள்ளி பேண்டு வேலை பெரும்பாலும் ஆண்டு ஒப்பந்தம், மணிக்கணக்கில் ஊதியம். நவம்பர், டிசம்பர் விடுமுறையில் வருமானம் குறையும். அவர் நினைக்கும் அளவுக்கு அது நிலையானது இல்லை. தனி மாணவர்களை முழுதாக விட்டுவிடாதீர்கள். ஜெர்மன் வகுப்புக்கு இப்போதே பணம் ஒதுக்குங்கள்.

பள்ளியில் முதல் பருவத்துக்கு என்ன எடுப்பது என்று குழம்பினால், இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909-ல் பேண்டுக்காக எழுதிய முதல் சூட்டை, பல பகுதிகள் கொண்ட ஒரு படைப்பைப் பரிந்துரைக்கிறேன். அவரும் பெண்கள் பள்ளியொன்றில் இறக்கும்வரை இசை ஆசிரியராக இருந்தவர். முதல் பகுதியில் எட்டு பாரில் ஒரு மெட்டு, தாழ்ந்த ஒலியுள்ள ஊதுகருவிகளான டியூபாவிலும் யூஃபோனியத்திலும் தொடங்கி குழு முழுக்கச் சுற்றிவருகிறது. வழக்கமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு முதல் சொல் கிடைக்கிறது. நடுவில் மெட்டு தலைகீழாகத் திரும்பும் இடம் ஒன்று உண்டு. அதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஸ்கோரில் குறித்துக்கொண்டு போய், எங்கே திரும்புகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் கண்டுபிடிக்கும்வரை அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கவையுங்கள்.